ரெட்டிபாளையத்துச் சாலையும் இருவிசை மகிழுந்தும்: எஞ்சின் எண்ணெய் தேர்வு குறித்த ஒரு விளக்கம்

எள்ளிலிருந்து பெற்ற நெய்யையே நம் முன்னோர் எண்ணெய் என்றனர். எள் என்பதும் நெய் என்பதும் புணர்ந்து எண்ணெய் ஆயிற்று என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றுள்ளோம். பின்னர் அச்சொல் தன் எல்லையை விரித்துக்கொண்டது. தேங்காய் எண்ணெய் வந்தது, வேப்பெண்ணெய் வந்தது, மண்ணிலிருந்து கிடைத்ததும் மண்ணெண்ணெய் ஆயிற்று. இன்று பட்டறைகளில் 'எஞ்சின் ஆயில்' என்றும், அறிவியல் தமிழில் உயவு எண்ணெய், மசகு எண்ணெய் என்றும் வழங்கும் பொருளுக்கும் எள்ளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

உராய்வைத் தணிக்க எண்ணெய் இடும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. மாட்டுவண்டியின் அச்சில் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து 'வண்டி மை' இட்ட காலத்தை நம் ஊர்ப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். மேலை நாட்டிலும் இதே விளக்கெண்ணெய் எஞ்சினுக்குப் பயன்பட்டது. ஆங்கிலத்தில் ஆமணக்கிற்கு வழங்கும் 'காஸ்டர்' என்னும் சொல்லிலிருந்தே 1909ஆம் ஆண்டில் 'காஸ்ட்ரால்' என்னும் வணிகப் பெயர் பிறந்தது. ஆகவே, எந்த அச்சுக்கு எந்த எண்ணெய் என்னும் வினா மிகப் பழையது. இன்று அது புது வடிவில் நம் வாசலுக்கு வந்துள்ளது.

ரெட்டிபாளையத்தில் எழும் வினா

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல்லாலும் சிமென்ட்டாலும் பெயர் பெற்ற ஊர். முன்னர்க் கிராசிம் நிறுவனத்தின் பெயரில் இயங்கி, 2010ஆம் ஆண்டின் இணைப்பிற்குப் பின் அல்ட்ராடெக் பெயரில் இயங்கும் சிமென்ட் ஆலை இவ்வூர்ப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இப்பகுதிச் சாலைகளில் கல் ஏற்றிய லாரிகளும் டிப்பர்களும் ஓயாமல் ஓடுகின்றன. எனவே இங்குள்ள பட்டறைத் தொழிலாளர்களின் கைப்பழக்கம் முழுவதும் டீசல் லாரியைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. லாரி எஞ்சினைப் பற்றிய அவர்களது அறிவு பட்டறிவால் உரம் பெற்றது. அதனை நாம் மதிக்கவேண்டும்.

ஆனால், அண்மைக் காலத்தில் வேறொரு வண்டியும் இப்பட்டறைகளுக்கு வரத் தொடங்கியுள்ளது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒருங்கே அமைந்த 'ஹைபிரிட்' மகிழுந்தே அது. அதன் கையேட்டைத் திறந்தால் 0டபிள்யூ-16 என்றோ 0டபிள்யூ-20 என்றோ எண்ணெயின் எண் காணப்படுகிறது. பட்டறையின் அலமாரியிலோ 15டபிள்யூ-40 எண்ணெயே நிறைந்திருக்கிறது. "இது தண்ணீர் மாதிரி இருக்கிறது, நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது, கெட்டியான ஆயிலே ஊற்றுவோம்" என்னும் அறிவுரையும் உடன் கிடைக்கிறது. கையேட்டை நம்புவதா, கைப்பழக்கத்தை நம்புவதா? சேமிப்பு முழுவதையும் செலவிட்டோ கடன் பெற்றோ வண்டி வாங்கிய குடும்பத்திற்கு இது சிறிய வினா அன்று. தவறான எண்ணெய் உடனே கெடுதியைக் காட்டாது. பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்த பின்னரே காட்டும். அப்போது பழுது பார்க்கும் செலவு பெரிது. எண்ணெய் மாறியதே காரணம் என்று தெரிந்தால் உத்தரவாதமும் துணை நிற்காமற் போகலாம்.

இருவிசை மகிழுந்து

எஞ்சினும் மின்விசையும் சேர்ந்த வண்டி என்னும் எண்ணம் நூறாண்டுப் பழமை உடையது. 1900ஆம் ஆண்டளவிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே அத்தகைய வண்டியைச் செய்து காட்டினார். எனினும், பெருமளவில் ஆக்கி விற்கப்பட்ட முதல் இருவிசை மகிழுந்து 1997ஆம் ஆண்டு திசம்பரில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் ஆகும். அது 2010இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டில் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் இருவிசை வடிவங்கள் அடுத்தடுத்து வந்தபின்பே இவ்வகை வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களின் கவனத்திற்கு வந்தன எனலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். 2015 முதல் மாருதி வண்டிகள் சிலவற்றில் வந்த 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்பது எஞ்சினுக்குச் சற்றே கைகொடுக்கும் மெல்லிய அமைப்பு. மின்விசையால் மட்டும் அவ்வண்டி ஓடாது. முழு இருவிசை மகிழுந்திலோ எஞ்சின் அணைந்த நிலையிலும் மோட்டார் வண்டியை இழுத்துச் செல்லும். இக்கட்டுரையில் நாம் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

முழு இருவிசை மகிழுந்தின் எஞ்சின் ஓய்ந்தும் உழைத்தும் ஓடுகிறது. கல் ஏற்றிய லாரியின் பின்னால் ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் அணைந்து மோட்டார் ஓடும். முந்திச் செல்ல விரைவு கூட்டினால் எஞ்சின் உடனே எழும். மீண்டும் வேகத்தடை வந்தால் அணையும். ஒரே பயணத்தில் பலமுறை இவ்வாறு நிகழும். இந்த ஓய்வும் எழுச்சியுமே எண்ணெய்த் தேர்வில் கவனிக்கவேண்டிய முதற்செய்தி.

எண்ணெய் செய்யும் தொண்டு

எண்ணெய் வழவழப்பைத் தருவதோடு நின்றுவிடுவதில்லை. அது சூட்டை ஏற்று அகற்றுகிறது, கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்குகிறது, அமிலத்தை முறிக்கிறது, துருவைத் தடுக்கிறது, பிஸ்டன் வளையத்திற்கும் உருளைக்கும் இடையே அடைப்பாக நிற்கிறது. வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்புகள் பலவற்றில் எண்ணெயின் அழுத்தமே இயக்குவிசையாகவும் உள்ளது.

சுழலும் தண்டு தாங்கியைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தின்மீது மிதப்பதை 1883இல் பீச்சம்ப் டவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் சோதனையால் கண்டார். அதன் கணிதத்தை 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்சு வகுத்தார். தண்டு விரைவாகச் சுழலும்போது எண்ணெயைத் தன்னடியில் ஆப்புப்போல் இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்கிறது. சுழற்சி நின்றால் அப்படலம் குலைகிறது. உலோகத்தின்மீது உலோகம் அமர்கிறது. மீண்டும் சுழற்சி எழும் அந்த நொடியில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சேர்மானமும் உராய்வுக் குறைப்பானும் உலோகத்தின்மேல் மெல்லிய போர்வையாக நின்று காக்கின்றன.

இருவிசை எஞ்சினில் இத்தகைய நொடிகள் மிகப் பல. அதன் மோட்டார் எஞ்சினை விரைவாகச் சுழற்றிய பின்னரே பெட்ரோல் எரியத் தொடங்குகிறது என்பது ஓரளவு ஆறுதல். ஆயினும், எண்ணெய் விரைந்து எல்லா இடங்களையும் எட்டவேண்டும் என்னும் தேவை இங்கு மிகுதி. எளிதில் ஓடும் எண்ணெயைக் கையேடு கேட்பதற்கு இஃது ஒரு காரணம்.

டப்பாவின்மேல் உள்ள எண்கள்

தேனையும் மோரையும் சரிவில் ஊற்றினால் மோர் முந்தும், தேன் பிந்தும். ஓடுதற்கு எதிராக நீர்மம் காட்டும் தடையைப் பாகுநிலை என்பர். எண்ணெயின் பாகுநிலை சூடேறக் குறையும். இதனை வகைப்படுத்தும் முறையை அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கம் 1911 முதல் வகுத்து வருகிறது.

0டபிள்யூ-16 என்பதில் 'டபிள்யூ' எடையைக் குறிப்பதன்று. ஆங்கிலத்திற் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண் கடுங்குளிரில் எண்ணெயின் இயல்பைச் சொல்வது. 15டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழ் 20 பாகையிலும், 0டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழ் 35 பாகையிலும் எஞ்சினைச் சுழலவிடும் அளவு இளகியிருக்கிறதா என்று சோதிக்கப்படுகின்றன.

பின்னுள்ள எண் சூடான எஞ்சினில் எண்ணெயின் இயல்பைச் சொல்வது. 100 பாகை செல்சியசில் 16 என்னும் வகையின் பாகுநிலை 6.1 முதல் 8.2 வரையிலான சென்டிஸ்டோக் அளவில் இருக்கும். 20 என்னும் வகை 6.9 முதல் 9.3 வரை, 30 என்னும் வகை 9.3 முதல் 12.5 வரை, 40 என்னும் வகை 12.5 முதல் 16.3 வரை. 16 என்னும் வகை இப்பட்டியலிற் சேர்ந்தது 2013இல்தான். 12, 8 ஆகிய வகைகள் 2015இற் சேர்ந்தன. ஆகவே நம் பட்டறைகளுக்கு இவ்வெண்கள் புதியனவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அரியலூரில் பனி உறையும் குளிர் ஏது, 0டபிள்யூ நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் ஊரின் மார்கழி விடியற்காலைகூட எண்ணெயின் கணக்கில் குளிர் அன்று. ஆயினும், நம் காலைப் பொழுதின் வெப்பமும் எஞ்சின் ஓடும் வெப்பமும் ஒன்றல்ல. 40 பாகையில் வழக்கமான 15டபிள்யூ-40 எண்ணெய், 0டபிள்யூ-16 எண்ணெயைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு கெட்டியாக இருக்கிறது. 100 பாகையில் அவ்வேறுபாடு ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே, எஞ்சின் முழுச் சூட்டை எட்டாத குறும்பயணங்களில் கெட்டி எண்ணெயின் சுமை மேலும் கூடுகிறது.

வெயிலுக்குக் கெட்டி எண்ணெய் என்னும் நம்பிக்கை

சித்திரை வெயில் 40 பாகையைத் தொடும் ஊரில் நீர்த்த எண்ணெய் உருகி வீணாகும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. இதனைச் சற்று ஆராய்வோம். எஞ்சினின் சூட்டை நிர்ணயிப்பது வெளிக்காற்று மட்டுமன்று. குளிர்விப்பு நீரும், அதன் ஓட்டத்தை அடக்கித் திறக்கும் தெர்மோஸ்டாட்டும், மின்விசிறியும் சேர்ந்து சூட்டை ஓரளவுக்குள் நிறுத்துகின்றன. சூடேறி ஓடும் எஞ்சினில் எண்ணெய் பொதுவாக 90 முதல் 110 பாகை வரை இருக்கும். வெளியே 30 பாகையானாலும் 40 பாகையானாலும் உள்ளே பெரிய வேறுபாடு நிகழ்வதில்லை.

மேலும், நீர்த்த எண்ணெய்க்கென்றே அவ்வெஞ்சினின் தாங்கி இடைவெளியும், எண்ணெய்ப் பம்பின் அளவும், துளைகளின் அகலமும் வகுக்கப்பட்டுள்ளன. 150 பாகைச் சூட்டிலும் கடும் நசுக்கலிலும் எண்ணெய் காட்டவேண்டிய குறைந்த அளவுப் பாகுநிலையும் தரநூலில் வரையறுக்கப்பட்டுள்ளது. 16 வகைக்கு 2.3, 20 வகைக்கு 2.6, 30 வகைக்கு 2.9 என்பது அக்கணக்கு. எஞ்சினை வகுத்தவர்கள் இக்கணக்கை அறிந்தே எண்ணைக் குறித்துள்ளனர்.

எதிர்த் தரப்பின் உண்மையையும் மறைத்தல் ஆகாது. நீர்த்த எண்ணெயை உற்பத்தியாளர்கள் விரும்புவதற்கு எரிபொருட் சிக்கனமும் ஒரு காரணமே. நம் நாட்டில் மகிழுந்துகளுக்கான எரிபொருட் சிக்கன விதி 2017 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, பின்னர் இறுக்கப்பட்டது. எண்ணெயால் வரும் சிக்கனம் சிறிய விழுக்காடே எனினும், அவர்களுக்கு அதுவும் வேண்டும். ஆனால், கெட்டி எண்ணெய்க்கு இடமே இல்லை என்று கையேடுகளும் சொல்வதில்லை. டொயோட்டாவின் சில கையேடுகள், 0டபிள்யூ-16 கிடைக்காதபோது 0டபிள்யூ-20 ஊற்றலாம், அடுத்த மாற்றத்தில் மீண்டும் 0டபிள்யூ-16 ஊற்றவேண்டும் என்கின்றன. மிகுவேகத்திற்கும் கடுஞ்சுமைக்கும் சற்றே கெட்டியானது பொருந்தலாம் என்றும் குறிக்கின்றன. ஏழு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு மலையில் அடிக்கடி ஏறும் வண்டிக்கு இக்குறிப்பு பயன்படும். ஆகவே, ஒரு படி தள்ளிப்போதல் என்பது வேறு. மூன்று படி தாண்டி 15டபிள்யூ-40க்குச் செல்லுதல் என்பது வேறு.

ஈரமும் பெட்ரோலும்

இருவிசை எஞ்சினுக்கு உண்மையான பகை வெயிலன்று, அரைச்சூடே ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் சிறிது அவ்வாறே இறங்குகிறது. எண்ணெய் நன்கு சூடேறி நெடுநேரம் ஓடினால் இவ்விரண்டும் ஆவியாகி நீங்கிவிடும். எஞ்சின் அடிக்கடி அணையும் வண்டியில், அதிலும் ஐந்தாறு கிலோமீட்டர்ப் பயணங்களிலேயே நாளைக் கழிக்கும் வண்டியில், அந்த நீங்கல் முழுமை அடைவதில்லை. நீர் எண்ணெயுடன் கலந்து பால் நிறக் குழம்பாகிறது. பெட்ரோல் எண்ணெயை மேலும் நீர்க்கச் செய்கிறது.

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று நாடெங்கும் பரவியுள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்பினது. ஆவியாவதற்கு மிகுந்த வெப்பத்தை வேண்டுவது. எஞ்சின் குளிர்ந்துள்ள பொழுது அதன் ஒரு பகுதி ஆவியாகாமல் எண்ணெயிற் சேரக்கூடும். பனி நாடுகளைக் காட்டிலும் நம் சமவெளியில் இத்தொல்லை குறைவே. எனினும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் விழிப்பு வேண்டும்.

ஆகவே, எஞ்சின் பாதி நேரம் ஓய்கிறது, எண்ணெயை இரு மடங்கு காலம் வைத்திருக்கலாம் என்னும் கணக்கு பிழையானது. கிலோமீட்டர் குறைவாயினும் காலக்கெடு உண்டு. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே பல கையேடுகளின் வரம்பு. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் ஈரம் நீங்கும்.

சுண்ணாம்பும் எண்ணெயும்

நம் மாவட்டத்தார் பெருமையுடன் அறிந்துகொள்ளவேண்டிய ஒரு செய்தி இங்கு உண்டு. கிரெடேசியஸ் காலத்தில் இந்நிலம் கடலடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் படிந்து இறுகியதே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். அதன் வேதிப்பெயர் கால்சியம் கார்பனேட். அதே கால்சியம் கார்பனேட், கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களாக, எஞ்சின் எண்ணெய்க்குள்ளும் இருக்கிறது!

எரிதலாலும் எண்ணெய் முதிர்தலாலும் அமிலங்கள் பிறக்கின்றன. அவற்றை முறிக்கச் 'சலவைச் சேர்மானம்' என்னும் கால்சியம் கூட்டுப்பொருளை எண்ணெயில் கலக்கின்றனர். புளித்த வயலுக்குச் சுண்ணாம்பு இடுவது போன்றதே இது. இத்தகைய சேர்மானங்களை ஆக்கும் தொழில் சென்னை மணலியிலும் உண்டு. இந்தியன் அடிட்டிவ்ஸ் நிறுவனம் 1989இல் அங்கே நிறுவப்பட்டது. ஓடஓட இச்சுண்ணாம்பு செலவாகிறது. எண்ணெய் கறுத்துப்போனதால் மட்டும் மாற்றுகிறோம் என்று எண்ணலாகாது. கறுப்பு, அழுக்கைத் தாங்குவதன் அடையாளமே. உள்ளிருக்கும் சுண்ணாம்பு தீர்ந்துபோவதே மாற்றுவதற்கு உரிய காரணங்களுள் ஒன்று.

மிகுதியும் தீதே. டர்போ பொருந்திய நேரடிப் பீச்சல் எஞ்சின்களில் கால்சியம் கூடிய எண்ணெய் காலத்திற்கு முந்திய வெடிப்பைத் தூண்டுவதாக அறியப்பட்டது. அதனால் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்த எண்ணெய்கள் வந்தன. 2020 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்னும் தரம் அச்சோதனையையும் கொண்டது. நம் சாலைகளில் ஓடும் முழு இருவிசை வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் டர்போ இல்லை. எனினும் புதிய தரம் தேய்மானத்திற்கும் கசடிற்கும் எதிராகவும் கூடுதற் காப்புத் தருவது.

லாரி எண்ணெயும் பைக் எண்ணெயும்

லாரிக்கு உரிய எண்ணெய் மட்டமானதன்று. அது வேறு கடமைக்கு உரியது. டீசல் கரியையும் பெருஞ்சுமையையும் தாங்குவதற்காக அதில் சேர்மானங்கள் மிகுதியாக இருக்கும். அவற்றுள் பாஸ்பரசும் சாம்பல் தரும் உலோகங்களும் அடங்கும். பெட்ரோல் மகிழுந்தில் எரிந்து வெளியேறும்போது இவை புகைக்குழாயிலுள்ள வினையூக்கியை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். மகிழுந்து எண்ணெய்க்கான ஐ.எல்.எஸ்.ஏ.சி. தரத்தில் பாஸ்பரசு 0.08 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் வரம்பு இதற்காகவே உள்ளது.

இருசக்கர வண்டி எண்ணெயின் நிலை வேறு. பைக்கின் கிளட்ச் அதே எண்ணெயில் நனைந்து இயங்குவதால், அது நழுவாதிருக்க வேண்டி உராய்வுக் குறைப்பான் தவிர்க்கப்படுகிறது. மகிழுந்துக்கோ அக்குறைப்பான் தேவை. மேலும், இருவிசை வண்டியின் பல்சக்கரப் பெட்டிக்குத் தனி நீர்மமும், மின்மாற்றிக்குத் தனிக் குளிர்விப்பு நீரும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றுதல் பெருங்கேடு.

தூசு என்னும் மறைபகை

சுண்ணாம்புக்கல் மென்மையானது, கடினத்தன்மை அளவில் அதற்கு 3 என்னும் எண். சாலைப் புழுதியில் கலந்துள்ள மணலுக்கோ 7. காற்று வடிகட்டியில் பழுது இருந்தால் இந்த மணல் உருளைக்குள் சென்று எண்ணெயிற் கலந்து அரைக்கும். எத்துணை விலையுயர்ந்த எண்ணெயும் இதைத் தடுக்காது. ஆகவே, சுரங்கச் சாலைகளில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்த்தலும், கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்னும் தலைப்பிலுள்ள குறுகிய கெடுவைப் பின்பற்றுதலும் வேண்டும். இருவிசை வண்டிகள் பலவற்றில் பெரிய மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத் துளை இருக்கையின் அருகே உள்ளது. அதன் வலையில் தூசு அடையாமலும், அதன்மேல் துணியோ பையோ மூடாமலும் காத்தல் நன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, கையேட்டிலுள்ள பாகுநிலை எண்ணைக் காணவேண்டும். ஒரே பெயருடைய வண்டியிலும் இருவிசை வடிவிற்கு ஓர் எண்ணும் வெறும் பெட்ரோல் வடிவிற்கு வேறோர் எண்ணும் இருக்கலாம்.

இரண்டாவது, தரக்குறியைக் காணவேண்டும். ஏ.பி.ஐ. எஸ்.பி. அல்லது 2025 மார்ச்சு முதல் வழங்கும் எஸ்.க்யூ. என்பது டப்பாவில் இருத்தல் நலம். 0டபிள்யூ-16 வகைக்கு ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்.-6பி என்பதும் அதன் பின்வந்த ஜி.எஃப்.-7பி என்பதும் உரியன. 0டபிள்யூ-8 போன்ற மிக நீர்த்தவை, அவற்றையே கேட்கும் எஞ்சினுக்கு மட்டும் உரியன.

மூன்றாவது, 'ஹைபிரிட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டதனாலேயே ஓர் எண்ணெய் சிறந்ததாகிவிடாது. அச்சொல் விளம்பரம், எண்ணும் தரக்குறியுமே சான்று. அவ்விரண்டும் பொருந்தினால் எந்த நம்பகமான நிறுவனத்தின் எண்ணெயும் ஏற்புடையதே.

நான்காவது, முத்திரை உடையாத டப்பாவை ரசீதுடன் வாங்கவேண்டும். அளவு மீறி ஊற்றலாகாது. உள்ளூரிற் கிடைக்காவிடில் திருச்சியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ முன்கூட்டியே வாங்கி வைத்து, பட்டறைக்குக் கையோடு கொண்டு செல்லலாம்.

ஐந்தாவது, மாதம் ஒருமுறை அளவுகோலை எடுத்துப் பார்க்கவேண்டும். சமதளத்தில் வண்டியை முற்றிலும் அணைத்து, சாவியை எட்டத்தில் வைத்துவிட்டே இதைச் செய்யவேண்டும். அணையாத இருவிசை வண்டியின் எஞ்சின் தானாகவே எழக்கூடும். செம்மஞ்சள் நிற மின்கம்பிகளைத் தொடவே கூடாது. எண்ணெயின் அளவு குறைந்தால் மட்டுமன்றிக் கூடினாலும் கவலைக்குரியதே. அது பெட்ரோல் கலந்ததன் அறிகுறியாகலாம். மூடியின் அடியில் பால்போன்ற படிவு இருந்தால் நெடும்பயணம் ஒன்று தேவை. அதன் பின்னும் நீங்காவிடில் பட்டறைக்குச் செல்லவேண்டும்.

பழைய எண்ணெய்

வடித்த எண்ணெயை வேலியோரத்தில் கொட்டுதலும், மரத்திற்குப் பூசுதலும், வாய்க்காலில் விடுதலும் இன்றும் காணப்படும் வழக்கங்கள். நிலத்தடி நீரையே நம்பி வாழும் மாவட்டத்தில் இது அண்டை வீட்டாரின் குடிநீரில் கைவைப்பதாகும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவாகவே கொள்கின்றன. 2024 ஏப்ரல் முதல் அதனைத் திரட்டி மறுசுத்திகரிப்பதில் உற்பத்தியாளருக்கும் பொறுப்பு விதிக்கப்பட்டுள்ளது. பட்டறை உரிமையாளர்கள் அதனைப் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைத்தலே முறை.

முடிவுரை

பட்டறிவும் நூலறிவும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. லாரிக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றிப் பல லட்சம் கிலோமீட்டர் ஓடவைத்த நம் பகுதித் தொழிலாளர் தம் தொழிலில் வல்லவரே. அவ்வல்லமை புதிய எஞ்சினுக்கும் பயன்படவேண்டுமாயின், அதன் கையேடு அவர்கள் படிக்கும் தமிழில் அவர்கள் கைக்கு வந்து சேரவேண்டும். ஆங்கிலக் கையேட்டில் இரண்டு பக்கமாக உள்ள எண்ணெய்க் குறிப்பைத் தெளிந்த தமிழில் எழுதி, ஊர்ப் பட்டறையின் சுவரில் ஒட்டித் தருவது தமிழ் பயிலும் மாணவர்க்கு ஒரு மாலைப் பொழுதின் வேலையே. மொழிப் பயிற்சியும் ஊர்ப்பணியும் ஒருசேர நிறைவேறும் அம்முயற்சியை நம் மாணவர்கள் இவ்வாண்டே மேற்கொள்வார்களாயின், ரெட்டிபாளையத்துச் சாலையில் ஓடும் பல குடும்பங்களின் வண்டிகள் நெடுநாள் நலமுடன் ஓடும் என்பது திண்ணம்.